தேர்தல் இரவின் அடுப்பு

1758ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் ஃப்ரெடரிக் கவுண்டியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஜார்ஜ் வாஷிங்டன் வேட்பாளர். வாக்குப்பதிவு நாளில் அவர் ஊரிலேயே இல்லை. படைப்பணியில் எல்லைக் கோட்டையில் இருந்தார். அவருக்காக வேலை செய்த நண்பர்கள் வாக்காளர்களுக்கு ரம், பஞ்ச், ஒயின், பீர் என்று ஏறத்தாழ 160 காலன் மதுவை ஊற்றிக் கொடுத்தார்கள். கணக்கு பின்னால் அவரிடம் வந்தது. அவர் கொடுத்து முடித்தார், வெற்றியும் பெற்றார். இன்று அதே அமெரிக்க மண்ணில், நவம்பர் மாதத்து முதல் திங்களை அடுத்த செவ்வாய் இரவில், பல வீடுகளின் கூடத்தில் தொலைக்காட்சி முன் ஆட்கள் கூடுகிறார்கள். மேசையில் சிவப்பும் நீலமும் பூசிய சிறு கேக்குகள், கட்சிச் சின்னங்களான யானை வடிவிலும் கழுதை வடிவிலும் வெட்டிய பிஸ்கட்டுகள், வேட்பாளரின் பேச்சைக் கிண்டலடிக்கும் பெயர்ச்சீட்டு செருகிய பலகாரங்கள். வேட்பாளர் ஒரு காசும் தரவில்லை. மாவு பிசைந்தவர், அடுப்பைப் பார்த்துக்கொண்டவர், பாத்திரம் கழுவப்போகிறவர் எல்லாரும் வாக்காளர்களே.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் நிகழ்ந்த மாற்றம் பெரியது என்பதே என் வாதம். தேர்தலையும் சாப்பாட்டையும் ஒருநாளும் பிரிக்க முடிந்ததில்லை. மாறியது, யார் யாருக்குப் பரிமாறுகிறார் என்பது. வேட்பாளர் வீட்டு விருந்தாளியாக இருந்த வாக்காளர் தன் வீட்டில் தானே விருந்து வைப்பவராக ஆனார். தேர்தல் இரவையோ வேட்பாளர்களின் விவாதத்தையோ பதவியேற்பையோ கூடியிருந்து பார்க்கும் ‘வாட்ச் பார்ட்டி’யையும் அதற்காக வீட்டில் செய்யும் குறும்புப் பலகாரங்களையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இந்த இடமாற்றத்தைக் கவனிப்பதில்லை.

பழைய ஏற்பாட்டில் சோறு ஒரு கடன். வில்லியம் ஹோகார்த் 1754–55இல் வரைந்த நான்கு தேர்தல் ஓவியங்களில் முதலாவது, ஆக்ஸ்ஃபோர்டுஷயர் தேர்தலை மனத்தில் வைத்து வரைந்த விருந்துக் காட்சி. மேசையோரத்தில் நகரத் தலைவர் சிப்பியைத் தின்று தின்று மயங்கிச் சாய்ந்திருக்கிறார். சுற்றிலும் குடி, கூச்சல், கைக்கூலி. அந்த மேசையில் யாரும் எதையும் விவாதிக்கவில்லை. தின்றதற்கு ஈடாக எதைக் கொடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதை மறுத்தவருக்கு என்ன ஆனது என்பதற்கு ஜேம்ஸ் மாடிசன் சான்று. 1777இல் வர்ஜீனியாவில் போட்டியிட்டபோது, வாக்காளருக்கு மது ஊற்றுவது குடியரசுக்கு அழகல்ல என்று நின்றார், தோற்றார். வென்றவர் ஒரு மதுக்கடைக்காரர். நூறாண்டுக்குப் பிறகு பிரிட்டன் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இப்படிப்பட்ட உபசாரத்தைக் கடுமையாக ஒடுக்கியது. அந்தச் சட்ட மரபு இந்தியாவுக்கும் வந்தது. 1920இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த தேர்தல் குற்றங்களில், உணவும் பானமும் கேளிக்கையும் கொடுத்து வாக்கைப் பெறுவது லஞ்சத்தின் ஒரு வகையாகத் தனியே வரையறுக்கப்பட்டது. பணம் கொடுத்தால் சிறை வரை போகலாம். சாப்பாடு போட்டால் அபராதம் மட்டுமே. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த வேறுபாட்டை அப்படியே வைத்திருக்கிறது. பிரியாணிப் பொட்டலத்தைத் தேர்தல் அதிகாரிகள் தேடித் திரியும் நம் ஊர்க் காட்சிக்குப் பின்னால் இருப்பது இந்த நீண்ட வரலாறு. சட்டம் சோற்றுக்கு எதிரானது அல்ல. சோற்றுக்கு யார் செலவு செய்தார் என்பதைத்தான் அது கேட்கிறது.

அந்தக் கேள்வியை அமெரிக்கர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்ட தருணங்களும் உண்டு. 1802 ஜனவரி 1ஆம் தேதி, மாசசூசெட்ஸின் செஷயர் ஊர்க்காரர்கள் 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டியை அதிபர் தாமஸ் ஜெஃபர்சனிடம் சேர்த்தார்கள். பாப்டிஸ்ட் போதகர் ஜான் லேலண்ட் முன்னின்று நடத்திய காரியம் அது. ஜெஃபர்சன் மதச் சுதந்திரத்துக்காக நின்றவர் என்பதற்கான நன்றி. அடிமை ஒருவருடைய உழைப்பும் அதில் கலக்கவில்லை என்பதை அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அடிமைகளை வைத்திருந்த அதிபரிடம் அந்தச் சொல் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பதவியில் இருக்கும்போது பரிசு வாங்குவதில்லை என்பது ஜெஃபர்சனின் கொள்கை. அதனால் 200 டாலர் கொடுத்தே பாலாடைக்கட்டியை ஏற்றுக்கொண்டார். இங்கே உணவு நகரும் திசை தலைகீழாகியிருக்கிறது. தலைவர் ஊட்டவில்லை, குடிமக்கள் சமைத்தார்கள். அந்த உணவே ஒரு அரசியல் வாக்கியமாகவும் இருந்தது: எங்கள் மாடு, எங்கள் பால், எங்கள் கருத்து.

கூடிப் பார்க்கும் விருந்துக்கு இன்னும் நெருங்கிய மூதாதை கனெக்டிகட்டின் தேர்தல் கேக். அங்கே ஊர்களில் ஏப்ரலில் வாக்களிப்பார்கள்; மே மாதத்தில் ஹார்ட்ஃபோர்டில் வாக்குகளை எண்ணி முடிவை அறிவிப்பார்கள். அந்த நாளுக்காக ஊர் ஊராக ஆட்கள் வந்து தங்க, வீடுகளில் பெரிய கேக்குகள் வெந்தன. அமேலியா சிம்மன்ஸின் சமையல் நூல் 1796இல் இரண்டு பதிப்புகள் கண்டது. இரண்டாம் பதிப்பில் உள்ள தேர்தல் கேக்குக்கு முப்பது குவார்ட் மாவு, பத்து பவுண்டு வெண்ணெய், பதினான்கு பவுண்டு சர்க்கரை, பன்னிரண்டு பவுண்டு உலர்திராட்சை, மூன்று டஜன் முட்டை, ஒரு குவார்ட் பிராந்தி. மணத்துக்குப் பட்டையும் கொத்தமல்லி விதையும். ஒரு குடும்பம் தின்று தீர்க்கும் கேக் அல்ல இது. முடிவுக்காகக் காத்திருக்கும் கூட்டத்துக்குச் சமைத்தது. சமைத்த பெண்களுக்கோ அன்று வாக்குரிமை இல்லை. அது நாடு முழுவதும் கிடைக்க 1920 ஆகிவிட்டது. அதே நியூ இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தார் தங்களுக்கென்று ஒரு தேர்தல் நாள் வைத்து, தங்களுக்குள் ஒருவரை ஆளுநராகவோ அரசராகவோ தேர்ந்தெடுத்து, ஊர்வலமும் விருந்துமாகக் கொண்டாடினார்கள். 2022இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அந்த நாளுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. வாக்குச்சீட்டு மறுக்கப்பட்டவர்களும் தேர்தலுக்குள் நுழைய ஒரு வாசல் இருந்தது என்றால், அது அடுப்பங்கரை வழியாக இருந்த வாசல்.

பிறகு முடிவு அறியும் இடம் தெருவுக்கு நகர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் செய்தித்தாள் அலுவலகங்களின் முன்னே திரளான மக்கள் நின்று, திரையில் ஒளிப்படமாக விழும் எண்களைப் பார்த்தார்கள். 1904இல் டைம்ஸ் கட்டடத்தின் உச்சியிலிருந்து தேடுவிளக்கின் கதிர் திரும்பிய திசை, வென்றவர் யார் என்பதை நகருக்குச் சொன்னது. 1920 நவம்பர் 2ஆம் தேதி பிட்ஸ்பர்கின் கேடிகேஏ வானொலி ஹார்டிங்–காக்ஸ் அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியபோது, தெருவில் நின்ற கூட்டம் வீட்டுக்குள் வரத் தொடங்கியது. தொலைக்காட்சி அதை முழுமையாக்கியது. டேனியல் தயானும் எலிஹு காட்ஸும் 1992இல் எழுதிய நூலில், பெரும் நேரலை நிகழ்ச்சிகளின்போது மக்கள் வழக்கமாகத் தொலைக்காட்சி பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை என்பதை விளக்கினார்கள்: நல்ல உடை உடுத்துகிறார்கள், ஆட்களை அழைக்கிறார்கள், வீடு பொது மண்டபமாக மாறுகிறது. அந்த நேரத்துக்குத் தேவைப்படுவது வெறும் சாப்பாடு அல்ல, பண்டிகைப் பலகாரம். சுவீடனில் தேர்தல் இரவைக் கூடிக் கழிப்பதை ‘வால்வாகா’ என்பார்கள்; தேர்தல் கண்விழிப்பு என்று பொருள். சிவராத்திரிக்குக் கண்விழிப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் உள்ளர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீண்ட இரவைக் கடக்கத் துணை வேண்டும்; கூடவே கையில் எடுத்துக் கொறிக்க ஏதாவது வேண்டும்.

அப்படியானால் குறும்பு எதற்கு? சுண்டலும் காப்பியும் போதாதா? அதிகாரத்தைத் தின்னக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை மிகப் பழையது என்பதே இதற்கு விடை. 1831இல் பாரிஸில் சார்ல் ஃபிலிப்போன் என்ற பத்திரிகையாளர், மன்னர் லூயி ஃபிலிப்பை இழிவுபடுத்தினார் என்ற வழக்கில், நீதிமன்றத்திலேயே மன்னரின் முகம் படிப்படியாக ஒரு பேரிக்காயாக மாறுவதை வரைந்து காட்டினார். இந்தக் காய்க்கும் தண்டனை கொடுப்பீர்களா என்பது அவர் வாதம். பிறகு பாரிஸின் சுவர்களெங்கும் பேரிக்காய்தான். அதே காலத்தில் ஒனரே தோமியே மன்னரை மக்களின் செல்வத்தை விழுங்கும் பெருவயிற்றுப் பூதமாக வரைந்து சிறைக்குப் போனார். பதினைந்து ஆண்டு கழித்து, அரசியல் கூட்டங்களுக்கு அரசு இடம் கொடுக்காதபோது, வாக்குரிமையை விரிவாக்கக் கேட்டவர்கள் கூட்டத்தை விருந்தாக மாற்றினார்கள். 1847 ஜூலையில் பாரிஸின் ஷாத்தோ ரூஜ் தோட்டத்தில் தொடங்கி, நாடு முழுவதும் எழுபதளவில் விருந்துகள் நடந்தன. வந்தவர்கள் சந்தா கட்டிச் சாப்பிட்டார்கள். ஏழைகளுக்கு எட்டாத சந்தா என்பதையும் சொல்ல வேண்டும். 1848 பிப்ரவரி 22க்கு வைத்திருந்த விருந்தை அரசு தடுத்தது. இரண்டே நாளில் மன்னர் முடிதுறந்தார். விருந்து மட்டும் ஒரு அரசைக் கவிழ்க்கவில்லை. பஞ்சமும் வேலையின்மையும் பின்னால் நின்றன. ஆனால் தங்கள் செலவில் தாங்களே கூடி உண்பவர்களைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்சியது என்பது, ஹோகார்த்தின் மேசையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அந்த மேசையில் இருந்தவர்கள் கடன்பட்டவர்கள். இந்த மேசையில் இருந்தவர்கள் யாருக்கும் கடன்படாதவர்கள்.

மொழியும் இந்தக் குறும்புக்கு ஏற்கெனவே பண்டம் சேர்த்து வைத்திருக்கிறது. சுவீடிய மொழியில் வாக்கு வாங்கக் கட்சிகள் அள்ளி வீசும் வாக்குறுதிகளுக்குப் பெயர் ‘தேர்தல் பன்றிக்கறி’. அமெரிக்க ஆங்கிலத்தில் தன் தொகுதிக்கு மட்டும் அரசு நிதியை இழுத்துக்கொள்வதைப் பன்றிக்கறிப் பீப்பாய் என்பார்கள். வாஃபிள் என்ற பலகாரத்தின் பெயரே பிடிகொடுக்காமல் பேசுவதையும் குறிக்கும். நம்மிடம் ‘அல்வா கொடுப்பது’ இருக்கிறது. அதற்கு உரை தேவையில்லை. வீட்டில் சமைப்பவர் செய்வது, சொல்லில் ஒளிந்திருக்கும் பண்டத்தை வெளியே எடுத்துத் தட்டில் வைப்பது. தட்டில் வந்ததும் அந்தச் சொல் கேட்பவரை விசாரிக்கத் தொடங்குகிறது: இது எந்த வாக்குறுதி, யார் கொடுத்தது, என்ன ஆயிற்று? குழந்தை கேட்டால் பெரியவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் எல்லாக் குறும்பும் சமையலறையில் பிறந்ததல்ல. குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்ற ஒதுக்கீடு 2000ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் நிலைத்தது. 1980இல் என்பிசி தொலைக்காட்சி ரீகன் வென்ற மாநிலங்களை நீலத்தில்தான் நிரப்பியது. இன்றைய இருவண்ணக் கேக் அன்று யாருக்கும் புரிந்திருக்காது. தொலைக்காட்சி வரைபடத்தின் பிரிவினையை யோசிக்காமல் மாவில் பூசிக்கொள்கிறோம் என்பது இந்த விருந்துகளின் பலவீனம். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம், விருந்து அரசியலைத் தின்றுவிடுகிறது என்பது. இதற்கு மிக வலுவான சான்றை ஒரு நாடகமே தருகிறது. ஆஸ்திரேலியாவின் டேவிட் வில்லியம்சன் எழுதி 1971இல் மெல்பர்னில் அரங்கேறிய, பிறகு 1976இல் புரூஸ் பெரஸ்ஃபோர்ட் படமாக்கிய ‘டான்ஸ் பார்ட்டி’ (டானின் விருந்து), 1969 அக்டோபர் 25ஆம் தேதித் தேர்தல் இரவில் நடக்கிறது. கஃப் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி வெல்லும் என்று நம்பி நண்பர்கள் கூடுகிறார்கள். நேரம் ஏற ஏறக் குடியும் மனக்கசப்பும் மேலோங்கித் தொலைக்காட்சி பின்னுக்குப் போகிறது, கட்சியும் தோற்கிறது. படித்த நடுத்தர வர்க்கத்தின் அரசியல் ஆர்வம் எவ்வளவு மெல்லிய தோல் என்பதை வில்லியம்சன் ஈவிரக்கமின்றிக் காட்டினார். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவைக் கெடுத்தது கூடியிருந்தது அல்ல. கூடியவர்களுக்குத் தங்களுக்குள் பேச அரசியல் எதுவும் மிச்சமில்லாதது. கூடிப் பேசுவதன் விளைவைப் பற்றிய ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. பால் லசார்ஸ்ஃபெல்டும் உடனாய்வாளர்களும் 1940 அதிபர் தேர்தலின்போது ஒஹாயோவின் ஈரி கவுண்டியில் மக்களைப் பலமுறை பேட்டி கண்டு 1944இல் வெளியிட்ட ஆய்வு, வானொலியும் செய்தித்தாளும் நேரே மனத்தை மாற்றுவது குறைவு, அறிந்தவர் தெரிந்தவர் வாய்வழியாகவே கருத்துகள் பரவுகின்றன என்று கண்டது. திரை சொல்வதைத் தனியே உட்கார்ந்து விழுங்குபவரைவிட, பக்கத்தில் இருப்பவரிடம் “அந்த எண் சரிதானா?” என்று கேட்பவர் நல்ல பார்வையாளர். தட்டு கையில் இருக்கும்போது அந்தக் கேள்வி எளிதாக வருகிறது.

அதே ஆஸ்திரேலியாவே இன்னொரு பதிலும் வைத்திருக்கிறது. அங்கே 1924 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம், வாக்குப்பதிவு சனிக்கிழமையில். சாவடிகள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள். பெற்றோர் சங்கத்தார் வாசலில் அடுப்பு போட்டு, ரொட்டித் துண்டில் சுட்ட சாசேஜ் வைத்து விற்றுப் பள்ளிக்கு நிதி திரட்டுகிறார்கள். மக்கள் அதை ‘ஜனநாயக சாசேஜ்’ என்று அழைக்கத் தொடங்க, 2016இல் ஆஸ்திரேலிய தேசிய அகராதி மையம் அதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. வாக்காளர் காசு கொடுத்து வாங்குகிறார், காசு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, எந்தக் கட்சிக்கும் நன்றிக்கடன் இல்லை. வாஷிங்டனின் 160 காலனிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஒத்த கருத்துள்ளவர்கள் மட்டும் கூடிக் கைதட்டும் மேசை பிளவை வளர்க்காதா என்ற கேள்வி இன்னும் கடினமானது. டயானா மட்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. மாற்றுக் கருத்துள்ளோரோடு பழகுபவர்கள் எதிர்த்தரப்பின் காரணங்களை நன்றாக அறிகிறார்கள், சகிப்பும் அவர்களிடம் கூடுதல். ஆனால் அவர்கள் அரசியலில் இறங்குவது குறைகிறது. ஒத்தவர்களோடு இருப்பவர்களே களத்தில் இறங்குகிறார்கள். ஆக, ஒரே கட்சிக்காரர்கள் கூடும் விருந்தை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. வேலை செய்வதற்கான தெம்பை அது தருகிறது. ஆனால் தெரு முழுக்க அத்தகைய விருந்துகள் மட்டுமே இருந்தால் ஊர் கெட்டுப்போகும். இரு தரப்பையும் அழைக்கும் துணிவு உள்ள வீட்டில் பலகாரத்தின் குறும்பு ஒரு வேலை செய்ய முடியும், ஒரு நிபந்தனையோடு: கேலி வாக்குறுதியைத் தொட வேண்டும், உடலைத் தொடக்கூடாது. ஃபிலிப்போனின் பேரிக்காய் ஒருவருடைய தாடையில் தொடங்கியது உண்மை; அது நிலைத்ததோ தணிக்கை செய்யும் ஓர் ஆட்சியின் அடையாளமாக. ஒரு வேட்பாளரின் தோல் நிறத்தையோ பருமனையோ பெண் என்பதையோ மாவில் வடித்துக் கடித்துத் தின்பது அந்த மரபு அல்ல, அது வெறுப்பு. எல்லாத் தரப்பு வாக்குறுதிகளும் ஒரே தட்டில் பரிமாறப்படும் மேசையில், தன் கட்சியின் பன்றிக்கறியையும் சேர்த்துத்தான் கடித்தாக வேண்டும்.

சமைப்பது யார்? ஹார்ட்ஃபோர்டின் கேக்கைப் பிசைந்த கைகளைப் பார்த்தபின் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 1992இல், கணவர் அதிபர் வேட்பாளராக நின்றபோது, ஹிலரி கிளின்டன், வீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் சுட்டுத் தேநீர் விருந்து கொடுத்திருக்கலாம், ஆனால் தன் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன் என்ற பொருளில் பேசியது பெரும் சர்ச்சையானது. ‘ஃபேமிலி சர்க்கிள்’ இதழ் அவருடைய சமையல் குறிப்பையும் எதிர்வேட்பாளரின் மனைவி பார்பரா புஷ்ஷின் குறிப்பையும் அருகருகே அச்சிட்டு வாசகரை வாக்களிக்கச் சொன்னது. கிளின்டனின் ஓட்ஸ் பிஸ்கட் வென்றது. அடுத்தடுத்த அதிபர் தேர்தல்களிலும் 2016 வரை வேட்பாளர்களின் வாழ்க்கைத்துணைகளுக்கிடையே இந்தப் போட்டி நடந்தது. 2008இலும் 2016இலும் தவிர, பிஸ்கட்டில் வென்றவரின் வீடே வெள்ளை மாளிகைக்குப் போனது. வழக்குரைஞராகத் தொழில் செய்த ஒரு பெண் மாவு பிசைந்து தன் பெண்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பது அவமானம். இன்றும் விருந்துக்கு நாள் குறிப்பவர் ஒருவர், இரவு பன்னிரண்டு மணிக்கு எண்ணெய்ச் சட்டி தேய்ப்பவர் வேறொருவர் என்று இருந்தால், விருந்தளிப்பவராக உயர்ந்த வாக்காளர் என்று நான் சொன்னது பாதி வீட்டுக்கு மட்டுமே பொருந்தும். வருபவர் ஒவ்வொருவரும் ஒரு பண்டம் சமைத்துக் கொண்டுவருவது இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். நாற்பது பேருக்கு ஒருவரே சுடும் கேக்கைவிட, எட்டுப் பேர் எட்டு விதமாகச் செய்து கொண்டுவரும், பாதி சரியாக வராத பலகாரங்கள் இந்த இரவின் இயல்புக்கு நெருக்கமானவை.

வெற்றி விருந்துக்கும் கூடிப் பார்க்கும் விருந்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்று பொதுவாகக் கவனத்தில் படுவதில்லை. வெற்றி விருந்து முடிவு தெரிந்தபின் சமைப்பது. 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராகத் தேர்வானதும், அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டு, வெடி வெடித்து, இனிப்பு வழங்கினார்கள். அங்கே ஒருவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு கிடையாது. கூடிப் பார்க்கும் விருந்தின் பலகாரமோ முடிவு தெரியாத மாலையில் தயாராகிறது. 2000 நவம்பர் 7ஆம் தேதி இரவு தொலைக்காட்சிகள் ஃபுளோரிடாவை முதலில் அல் கோருக்குக் கொடுத்தன, திரும்ப எடுத்துக்கொண்டன, பிறகு புஷ்ஷுக்குக் கொடுத்தன, அதையும் திரும்ப எடுத்துக்கொண்டன. இறுதியில் 537 வாக்கு வித்தியாசம் என்று நிலைபெற ஐந்து வாரம் ஆயிற்று. 2020இல் செவ்வாய்க்கிழமை வைத்த விருந்துக்குச் சனிக்கிழமைதான் விடை வந்தது. மாவைக் கரைத்து வைக்கும்போதே, தோற்றாலும் இதைத்தான் பரிமாறப்போகிறோம் என்று சமைப்பவருக்குத் தெரியும். தோற்ற கட்சிக்காரர் எழுந்து கிளம்பும்போது, மிஞ்சிய கேக்கை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையிலும் கொடுத்து அனுப்புவார்கள்.